சிவப்பு டேப் ஒட்டிய பலகை

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் போன வாரம் போன் செய்தார்கள். ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் நான் பதினோரு வருடம் கட்டி மேய்த்த சர்வரைக் கழற்றப் போகிறார்களாம். இனிமேல் கோப்புகள் எல்லாம் எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் இருக்கும். அதற்கு முன்னால் என் குறிப்பு நோட்டை ஒரு தடவை படித்திருக்கிறார்கள். அதில் இருபது விதிகள். பத்தொன்பது புரிந்துவிட்டது. நான்காவது மட்டும் புரியவில்லை: 'அலுவலகத்தில் எந்தப் பொருள்மேலும் சிவப்பு டேப் ஒட்டக் கூடாது.'

"இது இன்னா மேடம், வாஸ்துவா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

வாஸ்து இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நேரே அந்த நாளுக்குப் போக மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் தொலைவிலிருந்தே தொடங்குகிறேன்.

கணக்கில் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னையில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்க ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். லினக்ஸ் என்றால் சோப்புத் தூளா என்று என் அப்பா கேட்ட காலம். பயிற்சியில் கற்றுக்கொண்டதில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாடம் ஒன்றுதான். வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், ஒரு பெரிய கிடங்கு. எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். அதுதான் கோப்பு முறைமை. பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது விளக்கை அணைத்துவிட்டால் மூட்டை அங்கேயேதான் இருக்கும், பக்கம் மட்டும் குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய எஃப்.எஸ்.சி.கே. என்று ஒரு கட்டளை உண்டு. அது கிடங்கைச் சுற்றிவந்து, கேள்விமேல் கேள்வி கேட்டு, பதிவேட்டைத் திருத்தும். வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போடக் கூடாது. இதையும் பயிற்சியில் சொன்னார்கள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் என் முதல் வேலை. சேர்ந்த மூன்றாவது மாதம், ஓடிக்கொண்டிருந்த வட்டிலேயே அதைப் போட்டேன். அவசரம். அது கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால், ஷூ அளவு வரைபடங்களில் இடது கால் படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. வலது கால் படங்களைக் காணோம். இரண்டு மணி நேரம் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே வந்தபோது வரைபடப் பிரிவு மேஸ்திரி நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு அழுவுற? இடது காலைக் கண்ணாடியில காட்டினா வலது காலு" என்றார். அப்படியே திருப்பிப் போட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் மீட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில், எல்லாக் கோப்புக்கும் ஒரு இடது கால் இருக்கும் என்ற நம்பிக்கைதான் வந்தது.

கல்யாணம் ஆகி சந்தவாசலுக்கு வந்தேன். கயல் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் மலையில் இந்த வேலை கிடைத்தது. மலைவாழ் குடும்பங்களுக்காக நடக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். இரண்டு அறை. ஒன்றில் கொள்முதல் செய்த சாமை மூட்டைகள், இன்னொன்றில் நாங்கள். ஊர் ஊராகப் போய் மக்களின் பழைய பட்டா, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு லினக்ஸ் சர்வரில் வைப்போம். மூங்கில் குழாயில் சுருட்டி அடுப்புக்கு மேலே செருகி வைத்த காகிதங்கள் அவை. புகை, எலி, கரையான், ஒழுகும் கூரை எல்லாம் அவற்றுக்கு எதிரி. சர்வருக்கு வந்தால் பத்திரம் என்று நாங்கள்தான் மக்களிடம் சொன்னோம்.

நான் வாரத்தில் மூன்று நாள் போவேன். சந்தவாசலிலிருந்து போளூர், அங்கிருந்து மலை பஸ். திரும்ப மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கயல் வீட்டுக்கு வரும் நேரத்துக்கு நான் இருப்பேன். இந்த மூன்று மணி பஸ்ஸை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் செயலாளர் ராஜமாணிக்கம் சார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணினியைத் தொடமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு முறை உண்டு. எதையாவது மாற்றப்போகும் கட்டளையை நேராகத் தட்டக் கூடாது. முதலில் நீள நோட்டில் எழுத வேண்டும். அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அவர் கண்ணை மூடி, விரல்களில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக் கேட்பார். புரியாத சொல்லில் விரல் நின்றுவிடும். அதை விளக்கியபிறகுதான் அடுத்த விரல். எல்லாம் முடிந்ததும், "சரி, அனுப்பு" என்பார். அதன்பிறகு எண்டர். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. லினக்ஸ் தெரியாத மனிதருக்கு எதற்கு லினக்ஸ் படித்துக் காட்டுவது என்று, அவர் இல்லாத நாட்களில் எழுதாமலேயே தட்டுவேன்.

மூன்றாவது ஆள் காசியம்மா. பக்கத்துக் குக்கிராமத்துக்காரர். அலுவலகத்தைத் திறப்பது, பெருக்குவது, மாலை ஐந்து மணிக்குப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்கேன் செய்த நாட்களில் சுருண்ட காகிதத்தை நீவி, கண்ணாடிமேல் வைத்து, சுருளாமல் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். நிறைய ஸ்கேன்களின் ஓரத்தில் அவருடைய விரல் நுனி இருக்கும். "வெரலை எடுங்க காசியம்மா" என்பேன். "எடுத்தா காயிதம் சுருட்டிக்குது மேடம்" என்பார். விட்டுவிட்டேன்.

கடைசி இரண்டு வருடமாக அந்த சர்வருக்கு ஒரு வியாதி. நான் போகும் நாட்களில் பார்த்தால், தானாகவே நின்று மறுபடி எழுந்திருக்கும். பதிவுகளில் 'முறையாக அணைக்கப்படவில்லை' என்று இருக்கும். எப்போதும் மாலை நான்குக்கு மேல். எப்போதும் மழைக்காலத்தில். யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றினேன். நினைவகத்தை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். மின்சாரம் வரும் கம்பத்தைக்கூட சந்தேகப்பட்டேன். வியாதி போகவில்லை. ஒவ்வொரு தடவையும் மலை ஏறிவந்து எஃப்.எஸ்.சி.கே. போட்டு அலுத்துப்போய், ராஜமாணிக்கம் சார் இல்லாத ஒரு நாளில் ஒரு காரியம் செய்தேன். எழுந்திருக்கும்போதே அது தன்னைத்தானே சோதித்து, எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று சொல்லிக்கொள்ளும்படி அமைத்துவிட்டேன். நோட்டில் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் நிம்மதி. நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காசியம்மா நின்றிருந்தார்.

"பொட்டி கருப்பா நிக்குது மேடம். எழுத்து எழுத்தா வருது. நான் எதையும் தொடல."

கூடவே அவர் மகள் ரேவதி. ப்ளஸ் டூ முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். என் கயலும் அதே வருடம்தான் ப்ளஸ் டூ. அதனால் ரேவதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கயல் ஞாபகம் வரும். அவளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்கான விசாரணை வெள்ளிக்கிழமை காலை திருவண்ணாமலையில். குடும்பம் மலையைச் சேர்ந்தது என்று காட்ட அவர்களிடம் இருந்த ஒரே காகிதம், ரேவதியின் கொள்ளுத்தாத்தா பேரில் இருந்த பழைய பட்டா. அசலை முந்தைய மழைக்காலத்தில் மூங்கில் குழாயோடு கரையான் தின்றுவிட்டது. ஆனால் அதை அதற்கு முன்பே நாங்கள் ஸ்கேன் செய்திருந்தோம். பட்டா எண் தெரிந்தால் போதும், பழைய பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுகிறோம் என்று திருவண்ணாமலை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஸ்கேனைப் பிரிண்ட் எடுக்கத்தான் ரேவதி வந்திருந்தாள்.

"பத்து நிமிசம் இரும்மா" என்றேன்.

சர்வரை ஒருவழியாக எழுப்பி உள்ளே போனேன். அவர்கள் ஊர்ப் பெயரில் இருந்த அடைவு, அதாவது ஃபோல்டர், இல்லை. பக்கத்து இரண்டு ஊர்களும் இல்லை. பரவாயில்லை, சனிக்கிழமைதோறும் வெளி வட்டில் நகல் எடுக்கிறோமே என்று அதை மாட்டினேன். அதிலும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்ததும் புரிந்தது. நகல், அசலைப் போலவே இருக்க வேண்டும். அசலில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கிவிடு என்று கட்டளை எழுதியவள் நான்தான். எப்போதோ ஒரு மாலை பதிவேட்டுப் பக்கம் கிழிந்திருக்கிறது. இயந்திரம் தனக்குத்தானே ஆமாம் சொல்லிக் கிழிந்த பக்கத்தை எறிந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நகலும் மிக விசுவாசமாக அதையே செய்திருக்கிறது.

ரேவதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், பத்து நிமிசம் ஆவுமா இன்னும்?" என்றாள்.

ராஜமாணிக்கம் சார் வந்தார். அவருடைய கேள்வி எப்போதும் மூன்று. "என்ன போச்சு? என்ன இருக்கு? அடுத்து இன்னா?"

முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதுக்கு நோட்டில் எழுதினேன்.

"படி."

"எஃப், எஸ், சி, கே. அப்புறம் ஒரு கோடு, ஒய்."

விரல் நின்றது. "அந்த ஒய் எதுக்கு?"

"அது ஆயிரம் கேள்வி கேக்குங்க சார். எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்றதுக்கு."

"எல்லாத்துக்கும் ஆமான்னு தலையாட்டற ஆளை நான் ஆபீஸ்ல வெச்சிக்க மாட்டேன். டிஸ்க்குல மட்டும் எதுக்கு வெச்சிக்கணும்?"

ஏற்கெனவே ஒரு வருடமாக வைத்திருக்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்றதும் ஒண்ணு இருக்குதுங்க. எதையும் மாத்தாது. இன்னின்னது கெட்டிருக்குன்னு மட்டும் சொல்லும்" என்றேன்.

"அது நல்ல ஆளு. அதை மொதல்ல கூப்புடு. அதுவும் அசல் மேல இல்ல. நகல் எடு. ரெண்டு."

"ஒண்ணு போதும் சார். ஒரு நகல் எடுக்கவே மூணு மணி நேரம் ஆவும்."

"தந்தி ஆபீஸ்ல ஒரு நகல் எடுத்தா அது நகல் இல்ல, ஆசை. ரெண்டு எடு."

இரண்டு நகலும் முடிந்ததும் நான் அசல் வட்டைக் கழற்றிக் கொடுத்தேன்; அதையும் இரண்டாவது நகலையும் துண்டில் சுற்றித் தன் இரும்பு பீரோவில் வைத்தார். நகல் எடுக்கும்போது, மூட்டைகளையும் பதிவேட்டையும் பிரித்துப் பார்க்காமல், கிடங்கை முதல் செங்கல்லிலிருந்து கடைசிச் செங்கல் வரை அப்படியே பெயர்த்து வேறு வட்டில் வைப்பதுதான் முறை. புதன்கிழமை முழுவதும் அதிலேயே போனது. அன்றைக்கு நான் மூன்று மணி பஸ்ஸில் போகவில்லை, ஐந்து மணிக்குத்தான் கிளம்பினேன். அன்றைக்கு மழை இல்லை. இடையில் கயல் நான்கு தடவை போன் செய்தாள்.

"அம்மா, என் டி.சி. எங்க வெச்ச?"

"பீரோவுல. ஜெராக்ஸ் எடுத்து வை. ஸ்கேன் பண்ணி உனக்கே மெயில் அனுப்பு. பென் டிரைவ்ல போடு."

"எதுக்குமா? ஒரு டி.சி.க்கு இன்னாத்துக்கு இவ்ளோ?"

"சொன்னதைச் செய்யேன்டி."

மறுநாள் வியாழன், எனக்கு வேலை இல்லாத நாள். முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். முதல் நகலில், ஒவ்வொரு கேள்வியாக நோட்டில் எழுதி, படித்துக்காட்டி, அனுப்பச் சொன்னபிறகு அனுப்பி, பதினோரு மணிக்குச் சோதனை முடிந்தது. இந்தக் கட்டளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த அடைவைச் சேர்ந்தது என்று தெரியாத கோப்புகளைத் தூக்கி எறியாது. 'தொலைந்ததும் கிடைத்ததும்' என்ற அர்த்தத்தில் ஒரு அடைவு இருக்கும், அதில் போட்டுவைக்கும். நகலெடுக்கும்போது அந்த அடைவைச் சேர்க்காதே என்று எழுதியிருந்தவளும் நான்தான்; குப்பை என்று நினைத்தேன். திறந்து பார்த்தேன். மூன்று ஊர்களின் காகிதங்களும் அங்கே இருந்தன. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள்.

திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து, நெற்றியில் ஒரு எண்ணை மட்டும் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் வழி. பழைய பட்டாக்களின் எழுத்தோ எறும்பு ஊர்ந்ததுபோல. நான் ஒன்றை வைத்துக்கொண்டு, பெரியசாமியா, பரமசாமியா என்று திணறிக்கொண்டிருந்தேன். பின்னால் பெருக்கிக்கொண்டிருந்த காசியம்மா எட்டிப் பார்த்தார்.

"அது பெரியசாமி வூட்டுது. புளி கொட்டை எடுக்கிற கையோட வந்து குடுத்தான். கட்டைவெரல் கறை பாருங்க."

பார்த்தேன். கறை இருந்தது. அதில் இருந்த அப்பா பெயரை எங்கள் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டேன். பெரியசாமிதான்.

"இது?"

"மல்லிகா. அடுப்புமேல சொருவி மூலை கருகிச்சு. இதுக்கு மாமியாரும் மருமவளும் ஒரு வாரம் பேசல."

துடைப்பத்தை வைக்கச் சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை. எலி கடித்த ஓரம், மழை பட்ட கோடு, களி உருண்டை வைத்த வட்டம் என்று ஒவ்வொரு காகிதத்தையும் முகம்போல அறிந்து வைத்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எண்ணையும் பெயரையும் நோட்டில் எழுதி, சாருக்குப் படித்துக்காட்டி, கோப்புக்குப் பெயர் வைத்தேன். ரேவதி பக்கத்து அறை வாசலில் கிடந்த சாமை மூட்டைமேல் உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வரை பாதி முடிந்தது. அவர்களுடைய பட்டா மட்டும் வரவில்லை.

"எங்களுது கடைசியாத்தான் வரும் மேடம். எங்க வூட்டுக்காரரு எங்க போனாலும் கடைசியாத்தான் வருவாரு" என்றார் காசியம்மா.

மூன்றரை மணிக்கு, மேல்பட்டு ஊர்ப் பக்கமிருந்து ஒரு இடி உருண்டு வந்தது. நான் திரையில் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன். "இது தங்கவேலு, அவன் பொண்டாட்டி சாணி..." என்று சொல்லிக்கொண்டிருந்த காசியம்மா, பாதி வாக்கியத்தில் எழுந்தார். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்தார். சிவப்பு டேப் சுற்றிய ப்ளக்கைப் பிடித்து, ஒரே இழு.

திரை இருண்டது. விசிறியின் சத்தம் நின்றது.

"அவ்ளோதான் மேடம். இனி பயமில்ல" என்றார். பிறகு சுவரில் தொங்கிய மாதக் காலண்டரிடம் போய், நூலில் கட்டிய பென்சிலை எடுத்து, அன்றைய தேதியில் மின்னல்போல ஒரு சின்னக் கோடு கிழித்தார்.

எழுந்துபோய்க் காலண்டரின் தாள்களையும், அதனடியில் தொங்கிய முந்தைய வருடக் காலண்டரையும் புரட்டினேன். கோடுகள். செவ்வாய்க்கிழமை ஒன்று. போன வாரம் ஒன்று. அதற்கு முந்தைய மாதம் ஐந்து. என் நோட்டில் சர்வர் நின்ற தேதிகளை ஒரு பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. இரண்டு வருடம் நான் தேடிய வியாதியின் முழு வரலாறும் என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"காசியம்மா, எப்பவும் இப்பிடிப் புடுங்குவீங்களா?"

"ஆமா மேடம். இடி நின்னதும் மாட்டி, பட்டனை அமுக்கிட்டுத்தான் பூட்டினு போவேன். நீங்கதான சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால், இடி விழுந்து மோடம் கருகியது. மலையில் எல்லா வீட்டிலும் இடி கேட்டால் டி.வி. ப்ளக்கைப் பிடுங்குவார்கள், இங்கேயும் அதைச் செய்தால் என்ன என்று நினைத்தேன். மோடம் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பலகையின் ப்ளக்கில் சிவப்பு டேப் சுற்றி, 'இடி கேட்டா யாரையும் கேக்காதீங்க, இதைப் புடுங்கிடுங்க' என்றேன். மூன்று மணி பஸ்ஸில் போகிறவள் வேறு எப்படிப் பாதுகாப்பது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அறையை மாற்றினோம். புது யூ.பி.எஸ். வந்தது. இருந்த பலகைகளிலேயே உறுதியானது அந்தச் சிவப்பு டேப் பலகைதான் என்று அதை யூ.பி.எஸ்ஸில் மாட்டி, சர்வரை அதில் மாட்டினேன். டேப்பைப் பிரிக்கவில்லை. சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை. அவர் ஆறு வருடம் ஒரு நாள் தவறாமல் என் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இடி ஓயும்வரை எதையும் மாட்ட வேண்டாம் என்றார் ராஜமாணிக்கம் சார். இருட்டுத் திரைக்கு முன்னால் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். காசியம்மா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, எங்க ரேவதி காயிதம் போனது எங்கையாலயா மேடம்?"

"இல்ல. என் கையால" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. டேப், ஆமாம் சொல்லும் இயந்திரம், விசுவாசமான நகல், மூன்றையும் சொன்னேன். நோட்டில் எழுதாமல் செய்ததையும் சொன்னேன். ராஜமாணிக்கம் சார் கண்ணை மூடி விரலை எண்ணிக் கேட்டார். மூன்றாவது விரலில் கண்ணைத் திறந்தார்.

"புடுங்கச் சொன்னது எழுத்துல இருக்குதா?"

"வாய்மொழிங்க சார்."

"வாய்மொழி உத்தரவை வாய்மொழியாவே ரத்து பண்ணலாம். பண்ணு."

"காசியம்மா, இனிமே இடி இடிச்சா இதைப் புடுங்க வேணாம்."

காசியம்மா யோசித்தார். "அப்ப இடி இடிச்சா நான் இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. ஆறு வருடம் ஒன்றைச் செய்த கை சும்மா இருக்காது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

"போன் பண்ணி?"

"புடுங்கலன்னு சொல்லுங்க."

இடி திருவண்ணாமலைப் பக்கம் நகர்ந்தது. முதல் நகலை மாட்டிப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றதால் பதிவேடு மறுபடி சின்னாபின்னம். அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ராஜமாணிக்கம் சார் பீரோவைத் திறந்து இரண்டாவது நகலை எடுத்து என் கையில் வைத்தார். 'ஆசை' என்ற வார்த்தையை அவர் மறுபடி சொல்லாததற்கு இன்றைக்கும் நன்றியுடன் இருக்கிறேன். மறுபடியும் அதே கேள்விகள், அதே பதில்கள். எல்லாம் நோட்டில் இருந்ததால் அரை மணியில் முடிந்தது. காலையிலிருந்து வைத்த பெயர்களும் நோட்டில் இருந்தன. ஒன்றும் வீணாகவில்லை.

விட்ட இடத்திலிருந்து திறந்தேன். தங்கவேலு. அதற்கடுத்து யாரோ. அதற்கடுத்தும் யாரோ. ரேவதி மூட்டையிலிருந்து எழுந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். நாலரைக்கு மேல் ஒரு படம் திறந்தது. மேல் பாதி பழுப்புக் காகிதம். கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம், யாரோ ஈரச் சிமெண்டு பூசியதுபோல. கெட்டுப்போனது என்று அடுத்ததற்குப் போகப் போனேன்.

"நிறுத்துங்க" என்றார் காசியம்மா.

திரைக்கு அருகே போனார். காகிதத்தின் இரண்டு மேல் மூலைகளிலும் விரல்கள் இருந்தன. மற்ற ஸ்கேன்களில் ஒரு விரல்தான் இருக்கும். இதில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

"என் வெரலு. எங்களுது" என்றார்.

பட்டா எண் மேல் பாதியில் இருந்தது. பெயரும் இருந்தது. நிலத்தின் எல்லைகள் எல்லாம் சிமெண்டுக்குள் போய்விட்டன. ரேவதி எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிரிண்ட் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தபிறகும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் வயதுப் பெண்ணின் அம்மா. எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மழையில் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் அவர்களோடு போனேன். வேலைக்காக இல்லை, பயம்தான் காரணம். அதிகாரி பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ் பாதி இன்னாம்மா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் காசியம்மா சொன்னார். "இடி வந்துச்சுங்க சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவேட்டு அறைக்கு ஆள் அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடித்த பழைய புத்தகம் வந்தது. அந்த எண், அந்தப் பெயர், எல்லைகள் முழுதும் அதில் இருந்தன. ரேவதி இப்போது நர்சிங் முதலாம் ஆண்டு.

சிவப்பு டேப்பை அன்றைக்கே பிரித்து எறிந்தேன். நகலெடுக்கும் கட்டளையையும் ஆமாம் சொல்லும் அமைப்பையும் நோட்டில் எழுதி, படித்துக்காட்டி, மாற்றினேன். ஆனால் அதற்குப் பிறகு எண்டர் விசையின்மேல் விரல் வைத்தால், சாமை மூட்டைமேல் உட்கார்ந்த ஒரு பெண் பின்னாலிருந்து பார்ப்பதுபோலவே இருந்தது. ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். வீட்டில் கயலின் சான்றிதழ்களுக்கு ஏழு நகல் வைத்திருக்கிறேன். "அம்மா, அரிசி டப்பாவுல பென் டிரைவ் கெடக்குது" என்று போன மாதம் கத்தினாள். அது எட்டாவது; மறந்துவிட்டேன். அவள் கணினி படிக்கச் சேர்ந்திருக்கிறாள். எண்டர் தட்டும் முன் எழுதடி என்று சொன்னால் சிரிக்கிறாள்.

நேற்று சாயங்காலம் இதை இந்த இடம்வரை எழுதியபோது, படவேட்டுக்கு மேலே மலை கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதும் போன் அடித்தது. ஒரு வருடமாகக் காசியம்மா ஒரு இடிகூட விட்டதில்லை.

"மேடம், இடி இடிக்குது. புடுங்கல."

"சரிங்க காசியம்மா."

"நாளைக்குப் பொட்டியை எடுத்துனு போறாங்களாம். அப்புறம் இடி இடிச்சா நான் யாருக்குச் சொல்றது?"

"எனக்குத்தான்."

"பொட்டியே இல்லாம இன்னான்னு சொல்றது?"

"ரேவதி நல்லா இருக்கான்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். போனைத் தோளில் இடுக்கியபடி நான் எங்கள் வீட்டு டி.வி. ப்ளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஃபிரிட்ஜ் ப்ளக்கை. கயல் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அடுத்த ப்ளக்குக்கு வருவதற்குள், ஓடிக்கொண்டிருந்த தன் லேப்டாப்பைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.